பயிலுநர் ஜொக்கிகள் நாலைந்து வருடத்தில் களத்தை விட்டுப் போய்விடுவது ஏன்?

கோண்டாவில் பெரியம்மா எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு குதிரைப் பந்தயத்தைப் பற்றிக் கேட்பது சிலருக்கு வியப்பாக இருக்கலாம் என்பதால், கேட்கும் காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். என் தங்கை குடும்பத்தோடு இங்கிலாந்தில் வசிக்கிறாள். அவளுடைய இளைய மகன், எனக்குப் பெறாமகன், வருகிற மாதம் 17 வயதை அடைகிறான். பாடசாலை விடுமுறையொன்றில் குதிரையேறப் பழகியவன், அதன் பிறகு வேறெதிலும் மனம் வைக்கவில்லை. நியூமார்க்கெட் என்ற ஊரில், பந்தயக் குதிரை ஓட்டும் ஜொக்கிகளுக்கென்று உள்ள பயிற்சிப் பள்ளியில் படித்து முடித்து, இப்போது ஒரு பயிற்சியாளரின் லாயத்தில் அதிகாலை வேலைக்குப் போய்வருகிறான். அந்தப் பயிற்சியாளர் அவனைப் பயிலுநர் ஜொக்கியாக ஒப்பந்தம் செய்துகொள்ள விரும்புவதாக வீட்டாருக்கு அறிவித்திருக்கிறார்.

அன்றிலிருந்து தங்கை ஒவ்வொரு இரவும் தொலைபேசியில் அழுகிறாள். "படிக்கிற வயதில் குதிரைக்குப் பின்னால் போகிறானே" என்பது அவளுடைய துயரம். தகப்பனுக்கோ இது சூதாட்டத்தோடு சேர்ந்த தொழில் என்ற மனக்கசப்பு. கொழும்பில் வேலை பார்த்த நாளில், ரேஸ் புக்கியில் இங்கிலாந்து ஓட்டங்களுக்குப் பணம் கட்டிச் சம்பளத்தைத் தொலைத்தவர்களை அவர் கண்ணால் கண்டிருக்கிறார். பிள்ளை எனக்குத் தனியாக அழைத்து, "பெரியம்மா, நீங்கள் சொன்னால்தான் அம்மா கேட்பா" என்கிறான். நான் 31 வருடம் கணிதம் படிப்பித்தவள். ஒரு பிள்ளையிடம் உண்மையான திறமை இருப்பதைக் கண்டால் அதைத் தடுக்க எனக்கு மனம் வருவதில்லை. ஆனால் தெரியாத ஒன்றுக்குச் சம்மதம் சொல்லவும் மனம் இடம் தரவில்லை.

இதைப் பற்றி வாசிக்கத் தொடங்கியபோது ஒரு விடயம் என்னை உறுத்தியது. முதல் இரண்டு கோடைகாலத்தில் வெற்றிமேல் வெற்றி பெற்று, நாளைய சம்பியன் என்று பத்திரிகைகள் எழுதிய பயிலுநர்கள் பலர், 22, 23 வயதில் பந்தயப் பட்டியல்களிலேயே காணப்படுவதில்லை. திறமை அதற்குள் தீர்ந்துவிடுமா? விபத்தா, உடல் நிறையா, பணமா, வேறு ஏதாவதா? இந்தத் தொழிலை அருகிலிருந்து பார்த்தவர்கள் யாராவது இருந்தால், ஒப்பந்தத்தில் கையெழுத்து வைக்கும் முன் நாங்கள் என்ன கேட்டறிய வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.


சாவகச்சேரி, முன்னாள் லாயப் பணியாளர் எழுதியது:

அம்மா, வணக்கம். நான் 2004ஆம் ஆண்டிலிருந்து 11 வருடம் டுபாயில் ஒரு குதிரைலாயத்தில் வேலை செய்தவன். குதிரைக்குத் தீவனம் வைத்தல், உடம்பு தேய்த்தல், ஓட்ட நாளில் கையில் பிடித்து நடத்திச் செல்லுதல் ஆகியவையே என் வேலையாக இருந்தன. குளிர்காலப் பருவத்துக்கு இங்கிலாந்திலும் அயர்லாந்திலும் இருந்து பயிலுநர் பையன்கள் வருவார்கள். அவர்களோடு பழகியதாலும், நியூமார்க்கெட்டில் வேலை செய்த தோழர்கள் சொன்னதாலும் அந்த நாட்டு ஒழுங்கு எனக்கு நன்றாகத் தெரியும்.

நீங்கள் கணித ஆசிரியை என்பதால் கணக்காகவே சொல்கிறேன். பெரும்பாலான சாதாரண ஓட்டங்களில் எல்லாக் குதிரையும் ஒரே நிறையைச் சுமப்பதில்லை. கெட்டிக்காரக் குதிரைக்குக் கூடுதல் நிறை, பலவீனமான குதிரைக்குக் குறைந்த நிறை என்று கணித்துக் கொடுப்பார்கள். ஜொக்கியும் சேணமும் சேர்ந்து அந்த நிறைக்கு வராவிட்டால், சேணத்தின் கீழ்த் துணியிலுள்ள பைகளில் ஈயத் தகடு வைத்து நிரப்புவார்கள். பயிலுநர் ஓட்டினால் அந்த நிறையில் ஒரு பகுதியைக் கழித்துக்கொள்ளலாம். இதைத்தான் லாயத்தில் "கிளெயிம்" என்பார்கள். பிரித்தானியாவில் 20 வெற்றி வரைக்கும் 7 இறாத்தல், 50 வெற்றி வரைக்கும் 5 இறாத்தல், 95 வெற்றி வரைக்கும் 3 இறாத்தல் கழிவு உண்டு. அதற்கு மேல் கழிவே கிடையாது. ஒரு மைல் ஓட்டத்தில் ஏறத்தாழ 2 இறாத்தலுக்கு ஒரு குதிரை நீளம் என்பது அங்கே எல்லோரும் பாவிக்கும் கைக்கணக்கு. அப்படியானால், 7 இறாத்தல் கழிவுள்ள பையனை ஏற்றினால் அந்தக் குதிரை மூன்று நீளத்துக்கு மேல் முன்னுக்கு நின்று புறப்படுவதற்குச் சமம். தலைக்குத் தலை, மூக்குக்கு மூக்கு என்று முடியும் ஓட்டங்களில் மூன்று நீளம் எவ்வளவு பெரியது என்று நினைத்துப் பாருங்கள்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். முதல் வருடத்தில் அந்தப் பிள்ளையைத் தேடிப் பல பயிற்சியாளர்கள் அழைப்பது அவனுடைய கைத்திறமைக்காக மட்டுமன்று, அந்த 7 இறாத்தலுக்காகவும்தான். அது அவன் வெல்ல வெல்லத் தேய்கிற முதல். 95ஆவது வெற்றியோடு அவன் சலுகை எதுவுமில்லாமல், ரயன் மூர், வில்லியம் புயிக் போன்ற முன்னணி ஜொக்கிகளோடு ஒரே நிறையில் நிற்க வேண்டும். குதிரைச் சொந்தக்காரர் அப்போது என்ன நினைப்பார்? "ஒரே நிறை என்றால் மூரையே கேட்டுப் பார்க்கலாம், அவர் கிடைக்காவிட்டால் பக்கத்து லாயத்தில் புதிதாக 7 இறாத்தல் பையன் ஒருவன் வந்திருக்கிறானாமே, அவனை ஏற்றலாம்." நேற்று வரை ஒரு நாளில் ஐந்து சவாரி கிடைத்தவனுக்கு வாரத்தில் ஐந்து கிடைப்பது அரிதாகிவிடும். அவனுடைய கை, கண், துணிவு எதுவும் மாறியிருக்காது. தன் மதிப்பின் எந்தப் பங்கு தனக்குரியது, எந்தப் பங்கு கழிவுக்குரியது என்பதை முன்கூட்டியே அறிந்து வைத்திருக்காத பையன் அந்த மாதங்களில் உடைந்துபோவான்.

நான் பார்த்த ஒரு பிள்ளையைப் பற்றிச் சொல்கிறேன். 2005ஆம் ஆண்டு நோன்பு மாதத்தில் அயர்லாந்திலிருந்து எங்கள் லாயத்துக்கு வந்தான்; வயது 18. குதிரையின் வாயைத் துன்புறுத்தாத மென்மையான கை அவனுக்கு. யாரும் ஏற அஞ்சிய முரட்டுக் குதிரையொன்று, அவன் ஏறினால் காதை முன்னே நிமிர்த்தி அமைதியாக நடக்கும். அப்படிப்பட்டவன் விடியற்காலை 4 மணிக்கு எல்லோருக்கும் முன்னால் எழுந்து, தீவனம் நிறுக்கும் தராசில் ஏறி நின்று பார்ப்பான். மாலையில் நோன்பு திறக்கும்போது பாகிஸ்தான் தோழர்கள் அவனையும் கூப்பிட்டு இருத்துவார்கள். அவன் ஒரு பேரீச்சம்பழத்தைக் கத்தியால் இரண்டாக வெட்டி, ஒரு பாதியை உண்டு, மறு பாதியைத் தாளில் சுற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வான். பகல் முழுவதும் நோன்பிருந்தவர்கள் வயிறாரச் சாப்பிட, நோன்பில்லாத அந்தப் பிள்ளை பட்டினியோடு பக்கத்தில் இருந்தது இன்னும் என் கண்ணை விட்டுப் போகவில்லை.

அடுத்த பருவம் வந்தபோது அவன் ஒன்றரை அங்குலம் உயர்ந்திருந்தான். மூன்றாவது பருவத்தில் காலைப் பயிற்சியில் விழுந்து காறை எலும்பு முறிந்தது. ஆறு வாரம் ஓய்ந்திருந்ததில் நிறை கூடிவிட்டது. திரும்பி ஏறியபோது கழிவும் 3 இறாத்தலாகக் குறைந்திருந்தது. 21 வயதில் ஊருக்குத் திரும்பிப் போய், லாடம் அடிக்கும் தொழிலைப் பழகினான். குதிரையை விட்டு விலகாமல் இருந்தானே என்பது எனக்குப் பெரிய ஆறுதல்.


யாழ்ப்பாணம், மருத்துவர் எழுதியது:

சகோதரிக்கு வணக்கம். மேலே எழுதிய அண்ணர் கழிவைப் பற்றித் தெளிவாகச் சொல்லிவிட்டார். நான் ஒரேயொரு கேள்வியைக் கேட்கிறேன்: பிள்ளையின் தகப்பனும் தாய்மாமன்மாரும் எவ்வளவு உயரம்?

தடைகளைத் தாண்டாமல் ஓடும் தட்டைத் தரை ஓட்டங்களில் குறைந்த நிறை ஏறத்தாழ 8 ஸ்டோனை, அதாவது 51 கிலோவை ஒட்டியே இருக்கிறது. சேணமும் அதற்குள் அடங்கும். 17 வயதுப் பையன் ஒருவன் 51 கிலோவில் சுகமாக இருக்கலாம். அதே பையன் 20 வயதில் 5 அடி 9 அங்குலமாக வளர்ந்துவிட்டால், அந்த நிறையில் சுகமாக இருக்கவே முடியாது. விருப்பத்தாலோ ஒழுக்கத்தாலோ எலும்பு நீளுவதை நிறுத்த இயலாது. வரலாற்றில் இதற்கு மிக வேதனையான சாட்சி ஃபிரெட் ஆர்ச்சர் என்ற இங்கிலாந்து ஜொக்கி. 11 வயதில் நியூமார்க்கெட்டில் மத்தியூ டோசனிடம் பயிலுநராகச் சேர்ந்து, ஒரு வருடத்தில் அதிக ஓட்டங்களை வென்ற சம்பியனாக 13 முறை வந்து, மொத்தம் 2,748 ஓட்டங்களை வென்ற அந்த மனிதர் 5 அடி 10 அங்குல உயரம். பட்டினியாலும் பேதி மருந்தாலும் உடலை வருத்தி வருத்தியே நிறையைக் காத்தார். மனைவியை இழந்த துயரத்தோடு, பட்டினியால் நலிந்த உடலில் காய்ச்சலும் சேர, 1886இல் 29 வயதில் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார்.

இன்று நிலைமை அவ்வளவு மோசமில்லை. நீராவி அறையில் இருந்து வியர்த்து நிறை குறைக்கும் வழக்கத்தை நிறுத்துவதற்காக, 2021இல் பிரித்தானியப் பந்தயத் திடல்களில் இருந்த நீராவி அறைகளை நிரந்தரமாக மூடிவிட்டார்கள். ஆனாலும் சூடான குளியலும் பட்டினியும் வீட்டில் தொடரலாம். 52 கிலோப் பிள்ளை ஒரு லீற்றர் நீரை இழந்தால், அது உடல் நிறையில் கிட்டத்தட்ட 2 வீதம். அந்த அளவிலேயே கவனமும் உடல் வலுவும் தளரத் தொடங்கும். அந்த நிலையில்தான் அவன் மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில், மற்றக் குதிரைகளுக்கு இடையில் ஒரு கை இடைவெளியில் ஓட்டப் போகிறான். இன்னொன்று, எலும்பு தன் முழு அடர்த்தியைச் சேமிப்பது இருபதுகளின் நடுப்பகுதி வரைக்கும்தான். அந்த வருடங்களில் போதிய உணவு இல்லாவிட்டால் இழப்பை முழுதாக ஈடுசெய்வது மிகக் கடினம். அயர்லாந்தில் ஜொக்கிகளை ஆராய்ந்தவர்கள், அவர்களில் பலருக்கு எலும்பு அடர்த்தி குறைந்திருப்பதைக் கண்டிருக்கிறார்கள். அடிக்கடி விழ வேண்டிய தொழிலில் இருப்பவருக்கு எலும்பு மெலிவது எத்தகைய கேடு என்பதை விளக்கத் தேவையில்லை.

ஆகவே, கையெழுத்து வைக்கும் முன் இடது கை மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்து, வளர்ச்சித் தட்டுகள் மூடிவிட்டனவா, இன்னும் எவ்வளவு வளர்ச்சி மீதமிருக்கலாம் என்று ஒரு சிறப்பு மருத்துவரிடம் கேளுங்கள். செலவு குறைந்த, எளிய பரிசோதனை.


வட்டுக்கோட்டை, ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர் எழுதியது:

நண்பர்கள் இருவரும் எழுதியதை மறுக்கவில்லை. ஆனால் கேள்வியிலேயே இருக்கும் ஓர் எண்ணத்தை மறுக்க விரும்புகிறேன். காலம் குறுகியது என்பதனாலேயே அது வீணானது என்று ஏன் கொள்ள வேண்டும்?

1904இலிருந்து நடந்துவரும் வடக்கின் பெருஞ்சமர் என்ற பாடசாலைக் கிரிக்கெட் போட்டியை, நாம் பிக் மச் என்பதை, பாருங்கள். யாழ். மத்திய கல்லூரிக்கோ பரி. யோவான் கல்லூரிக்கோ பிக் மச்சில் நூறு ஓட்டம் அடித்த பிள்ளையின் துடுப்பாட்டம், பெரும்பாலும் 19 வயதோடு முடிந்துவிடுகிறது. அடுத்த வருடம் அவன் பல்கலைக்கழகத்திலோ கனடாவிலோ இருப்பான். அவனுடைய துடுப்பாட்டம் வீணாகிவிட்டது என்று யாரும் அழுவதில்லை. 40 வருடம் கழித்தும் அந்த ஓட்டங்களைச் சொல்லி மகிழ்கிறோம். நான் பயிற்றுவித்த பிள்ளைகளில், தன் உடம்பால் இன்னதைச் செய்ய முடியும் என்று 18 வயதில் அறிந்துகொண்டவன் பிறகு எந்த வேலைக்குப் போனாலும் நிமிர்ந்து நின்றதைக் கண்டிருக்கிறேன்.

ஸ்டீவ் கோத்தன் என்ற அமெரிக்கரின் வாழ்க்கையையும் பாருங்கள். 1960இல் பிறந்தவர், 1977இல் 17 வயதில் ஒரே வருடத்தில் 487 ஓட்டங்களை வென்றார். அந்த வருடத்தின் சிறந்த பயிலுநர், சிறந்த ஜொக்கி ஆகிய இரு விருதுகளும் அவருக்கே கிடைத்தன. 1978இல் அஃபேர்ம்ட் என்ற குதிரையில், மூன்று பெரிய ஓட்டங்களையும் ஒரே வருடத்தில் வெல்லும் அமெரிக்காவின் மும்முடியை வென்றார். அதற்கடுத்த வருடத் தொடக்கத்தில் கலிபோர்னியாவில் 110 ஓட்டங்களைத் தொடர்ச்சியாகத் தோற்றார். நம் ஊர்ப் பிள்ளை ஒன்று அப்படித் தோற்றிருந்தால் அதோடு முடிந்தது என்று சொல்லியிருப்போம். அவர் இங்கிலாந்துக்குப் பெயர்ந்து, அங்கே மூன்று முறை சம்பியனாகி, 1985இலும் 1987இலும் அங்கே புகழ்பெற்ற டெர்பி ஓட்டத்தை வென்றார். உடல் நிறையோடு போராடிக் களைத்து, 32 வயதில் விலகிக் கென்ரக்கிக்குத் திரும்பிக் குதிரைப் பண்ணை நடத்தினார். 32 என்பதும் சிறு வயதுதான். ஆனால் அந்த வாழ்க்கையைக் குறைபட்டது என்று யார் சொல்வார்?

நமக்குக் குதிரை அந்நியம் என்று நினைக்கவும் வேண்டாம். குறிகட்டுவானிலிருந்து படகேறி நெடுந்தீவுக்குப் போனால், போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலத்துக் குதிரைகளின் வழித்தோன்றல்கள் இன்றும் கூட்டமாக மேய்கின்றன. 1875இல் அமைந்த நுவரெலியாப் பந்தயத் திடலில் ஏப்ரல் பருவ ஓட்டத்தைப் பார்க்க நானே மூன்று முறை போயிருக்கிறேன். நம் மாட்டுவண்டிச் சவாரித் திடல்களில் நாற்பது, ஐம்பது வயதிலும் மாட்டுச் சோடியைப் பிடித்து ஓட்டுபவர்களைக் காண்கிறோம். அங்கே ஓட்டுபவரின் நிறையை இறாத்தல் கணக்கில் பார்ப்பவர் இல்லை என்பதே வேறுபாடு. தகப்பனாருக்கும் ஒன்றைச் சொல்லுங்கள்: பிரித்தானிய விதிகளின்படி ஜொக்கிகள் பந்தயம் கட்டவே கூடாது. கட்டினால் உரிமம் பறிபோகும். சூதாடுபவர் வேறு, இந்தத் தொழிலைச் செய்பவர் வேறு.


இங்கிலாந்து, சொந்த ஊர் இணுவில் எழுதியது:

மாஸ்டர் சொன்ன துடுப்பாட்ட ஒப்புமையை நான் முழுதாக ஏற்கமாட்டேன். பிக் மச் ஆடும் பிள்ளையின் கையில் உயர்தரப் பரீட்சையும் இருக்கும். அவன் விளையாடுவது பொழுதுபோக்காக. ஒவ்வோர் ஓட்டத்திலும் குதிரைகளுக்குப் பின்னால் அம்புலன்ஸ் ஓடிவரும் தொழிலை அதோடு ஒப்பிட முடியாது. 20 வருடமாக இங்கே பந்தயத் திடல்களுக்குப் போய்வருபவன் என்ற முறையில் ஒரு பெயரை நினைவூட்டுகிறேன்.

ஜேர்மனியில் பிறந்த ஃபிரெடி டைலிக்கி 2009இல் பிரித்தானியாவின் சம்பியன் பயிலுநர். அதற்கு முந்திய வருடம் அந்தப் பட்டத்தைப் பகிர்ந்துகொண்டவர்களில் ஒருவர் வில்லியம் புயிக்; அதற்கு முன் 2003இல் ரயன் மூர், 1989இல் ஃபிராங்கி டெட்டோரி. டைலிக்கி கழிவைக் கடந்து நிலைத்து நின்றவர். சாவகச்சேரி அண்ணர் சொன்ன அந்தக் கடினமான மாதங்களைத் தாண்டியவர். 2016இல் ஸ்பீடி போர்டிங் என்ற பெண்குதிரையில் ஏறி, கோடையில் பிரான்ஸின் டோவில் திடலிலும் ஒக்டோபர் தொடக்கத்தில் அதே நாட்டின் ஷான்டியித் திடலிலும் முதற்தர ஓட்டங்களை வென்றார். அவருடைய வாழ்க்கையின் உச்சம் அது. அதே ஒக்டோபர் 31ஆம் திகதி இங்கிலாந்தின் கெம்ப்டன் திடலில் நான்கு குதிரைகள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்தன. அன்றிலிருந்து அவரால் இடுப்புக்குக் கீழே அசைக்க முடியவில்லை. அப்போது அவருக்கு வயது 30. பக்கத்தில் ஓட்டியவரின் கவனமின்மையே காரணம் என்று 2021 டிசம்பரில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சக்கர நாற்காலியில் இருந்தபடியே குதிரை வாங்கி விற்கும் தொழிலில் அவர் தொடர்ந்து ஈடுபட்டு வருவதை மனதார மதிக்கிறேன். ஆனாலும் அம்மா, உங்கள் தங்கை அழுவதை யாரும் அறியாமை என்று சொல்லிவிடக் கூடாது.

இவ்வளவும் சொல்லிவிட்டு, பிள்ளை போகக் கூடாது என்று நான் எழுதவில்லை. விழுந்தவர்களுக்குத் துணை நிற்க 1964இலிருந்தே காயமுற்ற ஜொக்கிகளுக்கான நிதியம் ஒன்று இருக்கிறது. நியூமார்க்கெட்டிலேயே அவர்களுக்கு ஒரு புனர்வாழ்வு நிலையம் 2019இல் திறக்கப்பட்டது. அந்தப் பயிற்சியாளரிடம் கேட்க வேண்டியதை நேரே கேளுங்கள். அவரிடம் கடந்த பத்து வருடத்தில் பயிலுநராக இருந்தவர்கள் இன்று எங்கே இருக்கிறார்கள்? அவர்களில் இரண்டு பேரின் பெற்றோரோடு பேச முடியுமா? நல்ல மனிதர் என்றால் இந்தக் கேள்விக்குக் கோபப்படமாட்டார். சவாரிக் கட்டணத்தில் பயிற்சியாளருக்கும் ஒரு பங்கு போகும் ஒழுங்கு உண்டு என்பதால், அந்தப் பங்கு எவ்வளவு, அதற்குப் பதிலாக அவர் எந்தச் செலவுகளை ஏற்கிறார் என்பதை எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள். தலையில் அடிபட்டால் எத்தனை நாள் ஓய்வு என்பதில் விதிகள் கண்டிப்பானவை. அந்த விதிகளை அவர் தொல்லையாகப் பேசுகிறாரா, மதித்துப் பேசுகிறாரா என்பதையும் கவனியுங்கள். அந்த ஒரு பேச்சிலேயே ஆளை அறிந்துவிடலாம்.


சாவகச்சேரி, முன்னாள் லாயப் பணியாளர் எழுதியது:

இணுவில் தம்பி சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். முதல் 20 வெற்றிகளை எங்கே செலவழிப்பது என்று பயிற்சியாளர் யோசிக்கிறாரா என்பதைக் கேளுங்கள். அவசரக்காரர்கள், 7 இறாத்தல் கழிவு கையில் இருக்கிறதென்று கிடைத்த சிறிய ஓட்டங்களிலெல்லாம் பையனை ஏற்றி, ஒரே கோடையில் அந்தக் கழிவைத் தீர்த்துவிடுவார்கள். பையனுக்குப் பெயர் வரும். ஆனால் வேகம் கணித்தல், இடைவெளி வரும்வரை பொறுத்திருத்தல், களைத்த குதிரையை அடிக்காமல் கைகளால் மட்டும் தாங்கிக்கொண்டு வருதல் ஆகியவற்றைப் பழகுவதற்கு முன்பே கழிவு போய்விடும். நிதானமானவர்கள் வெவ்வேறு திடல், வெவ்வேறு தூரம், வெவ்வேறு குணமுள்ள குதிரை என்று மெதுவாக ஏற்றுவார்கள். மிகப் பெரிய ஓட்டங்களில் பயிலுநர் கழிவு செல்லாது. அங்கே ஒருவரை ஏற்றினால் அது முழுக்க அவருடைய திறமைக்கான நம்பிக்கை. கழிவு முடியுமுன் ஓரிரு முறையாவது அப்படி ஏற்றப்பட்ட பையன்கள்தான் பிறகும் நிலைப்பதை நான் கண்டேன்.


கோண்டாவில் பெரியம்மா எழுதியது:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. உங்கள் பதில்களைத் தாளில் எழுதி வைத்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை தங்கையோடும் தகப்பனோடும் பிள்ளையோடும் ஒன்றாகப் பேசினேன். 20, 50, 95 என்ற மூன்று எண்களை நான் சொன்னதும் பிள்ளை சற்று நேரம் மௌனமாக இருந்தான். அவனுக்கு விதி தெரியும். ஆனால் தன்னைத் தேடி வரப்போகிறவர்கள் எதைத் தேடி வருவார்கள் என்ற கோணத்தில் அதைப் பார்த்ததில்லை என்று சொன்னான். அந்த நேர்மை எனக்குப் பிடித்தது.

டொக்டர் கேட்ட உயரத்தைச் சொல்கிறேன். தகப்பன் 5 அடி 11 அங்குலம். என் தம்பிமார் இருவரும் 5 அடி 8 அங்குலத்துக்குக் குறையாதவர்கள். பிள்ளை இப்போது 5 அடி 3 அங்குலம். எங்கள் வீட்டு நடுக்கதவு நிலையில், அவர்கள் விடுமுறைக்கு வந்த வருடங்களில் பென்சிலால் உயரம் குறித்த கோடுகள் இன்னும் இருக்கின்றன. நேற்று நாடாவால் அளந்து பார்த்தேன். 11 வயதில் மூத்தவன் 4 அடி 9 அங்குலம், இளையவன் 4 அடி 5 அங்குலம். மூத்தவன் இப்போது 5 அடி 10 அங்குலமாக நிற்கிறான். இரண்டு கோடுகளை வைத்து விகிதம் போட்டால் ஒரு விடை வரும் என்று பழக்கதோஷத்தில் தாளை எடுத்தேன். ஆனால் டொக்டர் சொன்ன பரிசோதனை இருக்கும்போது கதவு நிலையை நம்பி ஒரு பிள்ளையின் வாழ்க்கையைக் கணிக்கக் கூடாது என்று தாளை மடித்து வைத்துவிட்டேன்.

எல்லோரும் ஒத்துக்கொண்ட முடிவு இது. எக்ஸ்ரேயைப் பார்த்த மருத்துவர், பெரிய வளர்ச்சி மீதமில்லை என்று சொன்னால் ஒப்பந்தத்துக்குச் சம்மதம். அதோடு, மாலையில் ஏதாவது ஒரு படிப்பைத் தொடர வேண்டும் என்பது தங்கையின் நிபந்தனை. குதிரை மருத்துவத் தாதியருக்கான படிப்பைப் பற்றி விசாரிப்பதாகப் பிள்ளையே சொன்னான். வளர்ச்சி இன்னும் இருக்கிறதென்றால், அவன் லாயத்தில் காலை வேலையைத் தொடர்ந்தபடி ஒரு வருடம் பொறுக்க வேண்டும். பட்டினி கிடப்பதில்லை என்று அண்ணனை முன்வைத்து வாக்குக் கொடுத்திருக்கிறான். அந்தப் பேரீச்சம்பழத்தின் கதையை நான் அவனுக்கு வாசித்துக் காட்டினேன் என்பதையும் சாவகச்சேரித் தம்பிக்குச் சொல்ல வேண்டும்.

தகப்பன் இன்னும் முழு மனதோடு இல்லை. ஆனால் பயிற்சியாளரைச் சந்திக்கத் தானும் வருவதாகவும், பழைய பயிலுநர்களைப் பற்றிய கேள்வியைத் தானே கேட்பதாகவும் சொல்லியிருக்கிறார். எக்ஸ்ரே எடுப்பது வருகிற செவ்வாய்க்கிழமை. விபரம் கிடைத்ததும் இங்கேயே எழுதுகிறேன்.